மரத்தில் தொங்கினவர் யார்?

தியானப் பகுதி: கலாத்தியர் 3:13, 1 கொரிந்தியர் 1:26-29



இந்த மாதம் ஒரு ராக் இசை ஆல்பத்தைக் குறித்து எழுதுகிறேன். "எழுப்புதல் பத்திரிகையில் இதெல்லாம் எதுக்குங்க?" என்று மூத்த விசுவாசிகள் சிலர் கேட்பீர்கள். பவுல் அப்போஸ்தலன் அத்தேனே பட்டணத்துக்குப் போனபோது கண்ணை மூடிக்கொண்டா நடந்தார்? அப்போஸ்தலர் 17-ம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். அவர்களுடைய பலிபீடங்களைச் சுற்றிப் பார்த்தார், அதில் எழுதியிருந்ததை வாசித்தார், அவர்களுடைய கவிஞர்கள் சொன்னதையும் தெரிந்துவைத்திருந்தார். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார். ஆகையால் கொஞ்சம் பொறுமையாய் வாசியுங்கள்.

2000-ம் ஆண்டு நவம்பர் மாதம் அமெரிக்காவில் "ஹோலி வுட்" என்ற ஆல்பம் வெளிவந்தது. வெளியிட்டது மர்லின் மான்சன் என்ற குழு. அதன் பாடகரும் அதே பெயரை வைத்துக்கொண்டவர்தான். அவருடைய சொந்தப் பெயர் பிரையன் ஹியூ வார்னர். 1969-ல் ஒஹையோ மாநிலத்திலுள்ள கான்டன் என்ற ஊரில் பிறந்தவர். இந்தப் பெயரை எப்படிச் சேர்த்தார் தெரியுமா? அழகுக்குப் பேர்போன நடிகை மர்லின் மன்றோவின் பெயரில் பாதி, கொலைக்குப் பேர்போன சார்லஸ் மான்சனின் பெயரில் பாதி. குழுவில் மற்றவர்களும் இப்படியே ஒரு அழகியின் பெயரையும் ஒரு கொலைகாரனின் பெயரையும் ஒட்டவைத்துக்கொண்டார்கள். இந்த தேசத்தில் நடிகைக்கும் கொலைகாரனுக்கும் ஒரே பத்திரிகை அட்டையில்தான் இடம் கிடைக்கிறது, இரண்டு பேரையும் ஜனங்கள் ஒரே கண்ணோடுதான் பார்க்கிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. பெயரே ஒரு பிரசங்கம்!

அந்த ஆல்பத்தின் அட்டையைப் பார்த்தவர்கள் பதறிப்போனார்கள். பாடகர் சிலுவையில் தொங்குகிறார், கீழ்த்தாடை பிய்ந்துபோயிருக்கிறது. தன் வாயை அடைக்கப் பார்த்தார்கள் என்பதற்கு அது அடையாளமாம். சில கடைக்காரர்கள் அந்த அட்டையோடு விற்கமாட்டோம் என்றார்கள். மேலே வேறொரு படம் போட்ட உறையை மாட்டி விற்கவேண்டியதாயிற்று.

நமக்கு இருதயம் கொதிக்கத்தான் செய்யும். எனக்கும் கொதித்தது. கல்வாரியை அறிந்த எவனுக்கும் அது விளையாட்டுப் பொருள் ஆகாது. இந்த மனுஷன் முன்னே 1996-ல் அந்திக்கிறிஸ்துவின் பெயரிலேயே ஒரு ஆல்பம் போட்டவர், மேடையில் பிரசங்க பீடம் ஒன்றை வைத்து, வேதபுத்தகத்தின் தாள்களைக் கிழித்து எறிந்தவர், சாத்தான் சபை என்று ஒன்றை அமைத்தவரிடம் கௌரவ ஆசாரியன் என்ற பட்டமும் வாங்கினவர். அதையெல்லாம் நான் மறைத்துப் பேசப்போவதில்லை. அது பொல்லாங்குதான். ஆனால் பொல்லாங்கு என்று சொல்லிவிட்டு எழுந்துபோனால், அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு நாம் ஒன்றும் சொன்னதாகாது.

இந்த ஆல்பம் எதிலிருந்து பிறந்தது என்று பார்க்கவேண்டும். 1999-ம் ஆண்டு ஏப்ரல் 20-ம் தேதி, கொலராடோ மாநிலத்தில் லிட்டில்டன் அருகே கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் இரண்டு மாணவர்கள் துப்பாக்கிகளோடு நுழைந்தார்கள். கூடப் படித்த 12 பிள்ளைகளையும் ஒரு ஆசிரியரையும் கொன்றார்கள். பிறகு தங்களையும் சுட்டுக்கொண்டார்கள். காயப்பட்டவர்கள் இன்னும் அநேகர். அன்று குண்டடிபட்டு நடக்கமுடியாமல்போன ஒரு மாணவி, கால் நூற்றாண்டு சக்கர நாற்காலியில் இருந்து 2025-ல் மரித்தார். அந்த மரணத்துக்கும் பழைய காயங்களே காரணம் என்று தீர்மானித்து, அவரை 14-வது பலியாகச் சேர்த்தார்கள்.

அந்தச் சில நாட்களில் தேசமே கேட்ட கேள்வி, "யார் காரணம்?" என்பது. உடனே விரல் நீண்டது மர்லின் மான்சன் பக்கம். அந்த இரண்டு பையன்களும் இவருடைய ரசிகர்கள், இவரைப்போல முகத்தில் சாயம் பூசுகிறவர்கள் என்று செய்தி பரவிற்று. சபை மேடைகளிலும் பேசினார்கள், தொலைக்காட்சியிலும் பேசினார்கள். குழு தன்னுடைய மீதி நிகழ்ச்சிகளை ரத்து செய்தது. கடைசியில் என்ன தெரியவந்தது? அந்தப் பையன்கள் இவருடைய ரசிகர்களே அல்ல. அவர்கள் விரும்பிக் கேட்டது வேறு குழுக்களின் பாட்டு.

யாத்திராகமம் 20:16 யாருக்கு விரோதமாய்ப் பொய்ச்சாட்சி சொல்லக்கூடாது என்கிறது? பிறனுக்கு விரோதமாக. அந்தப் பிறன் விசுவாசியாயிருந்தால் மட்டும் என்று அங்கே போட்டிருக்கிறதா? வேதபுத்தகத்தைக் கிழிக்கிறவனைக் குறித்தும் நாம் உண்மையைத்தான் பேசவேண்டும். அவன் கிழித்ததற்கு அவன் கணக்கு ஒப்புவிப்பான். நாம் பேசின பொய்க்கு நாம் ஒப்புவிக்கவேண்டும்.

இதோடு சேர்த்து இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சிலருக்குக் கசப்பாயிருக்கலாம். அந்தப் பள்ளியின் நூலகத்தில் ஒரு மாணவியிடம் கடவுளை விசுவாசிக்கிறாயா என்று கேட்டு, ஆம் என்று அவள் சொன்னதினால் சுட்டுக் கொன்றார்கள் என்ற சாட்சி உலகம் முழுவதும் கிறிஸ்தவர்கள் மத்தியில் பரவிற்று. பின்பு விசாரித்தவர்கள் கண்டது வேறு. அந்தக் கேள்வி கேட்கப்பட்டது வேறொரு மாணவியிடம். அவள் ஏற்கெனவே சுடப்பட்டுக் காயத்தோடு கிடந்தவள். விசுவாசிக்கிறேன் என்றாள், உயிரும் பிழைத்தாள். மரித்த பிள்ளை விசுவாசமுள்ள பிள்ளைதான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் பிழைத்த பிள்ளை தன் வாயால் அறிக்கைபண்ணினதைச் சொன்னபோது, கேட்பதற்கு ஜனங்களுக்கு மனதில்லை. இரத்தசாட்சியின் கதை அவர்களுக்கு அதிக ருசியாயிருந்தது! நல்ல நோக்கத்துக்காக ஆனாலும் சாட்சியைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லுகிற பழக்கம் நமக்கு வேண்டாமே. ஆண்டவருக்கு நம்முடைய மிகைப்படுத்தல் தேவையில்லை.

சரி, குற்றம் சாட்டப்பட்ட இந்த மனுஷன் என்ன பதில் சொன்னார்? அதே 1999-ல் ரோலிங் ஸ்டோன் என்ற பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். அதை எங்கே ஆரம்பித்தார் தெரியுமா? ஆதியாகமம் 4-ம் அதிகாரத்தில்! காயீன் ஆபேலைக் கொன்றபோது எந்த சினிமாவைப் பார்த்தான், எந்தப் பாட்டைக் கேட்டான், அவனுக்குள் இருந்த சுபாவமே போதுமாயிருந்ததே என்று எழுதினார். பிரியமானவர்களே, இது ஜென்ம பாவத்தைக் குறித்த உபதேசம் அல்லவா? பிரசங்கிமார் பாட்டின்மேல் பழியைப் போட்டுக்கொண்டிருந்த நாளில், பாடகன் மனுஷ இருதயத்தைக் குறித்துப் பேசினான். எரேமியா 17:9-ஐ அவர் நம்பி எழுதினாரோ இல்லையோ, எழுதினது அதற்கு ஒத்துத்தான் இருக்கிறது.

அடுத்து பத்திரிகைக்காரரைப் பிடித்தார். கொலைசெய்த பையன்களின் முகத்தை அட்டையில் போட்டு அவர்களை நாடறிந்தவர்களாக்கிவிட்டீர்களே என்றார். டைம் பத்திரிகை 1999 மே 3 இதழில் அந்த இரண்டு பேருடைய முகத்தையும் அட்டையில் பெரிதாய்ப் போட்டது, செத்துப்போன பிள்ளைகளின் முகங்கள் சுற்றிலும் சிறிதாய். பள்ளியில் ஒருவரும் மதிக்கவில்லை என்று பொருமிக்கொண்டிருக்கிற பையன் அந்த அட்டையைப் பார்த்து என்ன கற்றுக்கொள்ளுவான்? யோசித்துப் பாருங்க.

இந்தக் கோபமெல்லாம் சேர்ந்துதான் "ஹோலி வுட்" ஆயிற்று. அந்தப் பெயரில் ஒரு சிலேடை இருக்கிறது. சேர்த்துச் சொன்னால் சினிமா எடுக்கிற ஹாலிவுட், பிரித்துச் சொன்னால் பரிசுத்த மரம். அதற்கு அவரே விளக்கம் கொடுத்திருக்கிறார். ஆதாம் கனியைப் பறித்த மரம், கிறிஸ்து அறையப்பட்ட மரம், ஜனாதிபதி கென்னடியைச் சுட்ட துப்பாக்கியின் கட்டை, இத்தனை பேரைப் புதைத்த சவப்பெட்டிகளின் பலகை, இவையெல்லாம் அந்தப் பெயருக்குள் இருக்கிறதாம். ஆல்பத்தின் துணைத் தலைப்பும் தாவீதின் 23-ம் சங்கீதம் 4-ம் வசனத்திலிருந்து எடுத்ததுதான், வார்த்தைகளை முன்னும் பின்னுமாய் மாற்றிப்போட்டிருக்கிறார்.

பாட்டுகளுக்குள் ஒரு கதை ஓடுகிறது. மரணப் பள்ளத்தாக்கில் இருக்கிற ஒதுக்கப்பட்ட ஒரு பையன், மினுமினுக்கிற அந்த சினிமாப் பட்டணத்துக்குள் போக ஏங்குகிறான். உள்ளே போகிறான், எல்லாவற்றையும் புரட்டிப்போடப் பார்க்கிறான். ஆனால் அவனுடைய புரட்சியையே அந்தப் பட்டணம் விலைபோட்டு விற்றுவிடுகிறது. அந்தப் பட்டணத்துக்கு ஒரு மதமும் உண்டு. செத்துப்போன பிரபலங்கள் அங்கே பரிசுத்தவான்கள். கென்னடி அவர்களுக்குக் கிறிஸ்து. துப்பாக்கி, கடவுள், அரசாங்கம் இந்த மூன்றையும் ஒன்றாய்க் கட்டிவைத்துக்கொண்டு கும்பிடுகிற தேசம் என்று தன் ஜனத்தைக் குற்றம்சாட்டினார். அந்த மூன்று வார்த்தைகளைத்தான் அந்த ஆல்பத்துக்காகப் போன பயணத்துக்கும் பெயராக வைத்தார்.

விற்பனை முந்தினதைப்போல் இல்லை. 1998-ல் போட்ட ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தில் நுழைந்தது, இது 13-வது இடத்தில். அது போகட்டும்.

ஆனால் ஒரு வாக்குவாதத்துக்கு நாம் பதில் சொல்லியே ஆகவேண்டும். கிறிஸ்துவின் மரணம்தான் இந்தப் பிரபல மோகத்துக்கெல்லாம் முதல் மாதிரி என்று அந்தக் கட்டுரையில் எழுதினார். செத்த ஒருவருடைய உருவத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டும் வீட்டுச் சுவரில் தொங்கவிட்டும் பழகிப்போனோம், அதிலிருந்துதான் சாவைக் கொண்டாடுகிற கலாச்சாரம் வந்தது என்பது அவர் கருத்து. அந்த மரணத்தைக் கொலையும் தற்கொலையும் சேர்ந்தது என்றும் சொன்னார்.

இதற்குக் கோபப்பட்டால் போதாது, வேதத்தைத் திறக்கவேண்டும். பிசாசு ஆண்டவரைத் தேவாலயத்து உப்பரிகையின்மேல் நிறுத்தி, கீழே குதியும் என்றானே, அது எதற்கு? எருசலேம் முழுவதும் அண்ணாந்து பார்க்கிற இடம் அது. ஒரே நாளில் ஊர் முழுவதும் பேர் பரவியிருக்கும். ஆண்டவர் குதிக்கவில்லை. யோவான் 6:15-ல் அப்பம் தின்ற ஜனங்கள் அவரை ராஜாவாக்க வந்தபோது, தனியே மலைக்குப் போய்விட்டார். குஷ்டரோகியைச் சுகமாக்கிவிட்டு, ஒருவருக்கும் சொல்லாதே என்றார். இன்றைக்கு நம்மில் எத்தனை ஊழியக்காரர் அப்படிச் சொல்லுவோம்? சுவரொட்டி அடிக்காமல் விடுவோமா? ஏசாயா 53:2-ஐப் பாருங்கள், அவரில் கண்ணைக் கவருகிற அழகு ஒன்றும் இல்லை என்று தீர்க்கதரிசி முன்னமே சொல்லிவிட்டார். பிரபலமாவதற்கு இருந்த எல்லா வாசலையும் அவர் தாமே அடைத்துக்கொண்டு போனார்.

தற்கொலை என்ற வார்த்தைக்கு யோவான் 10:18 பதில். தம்முடைய ஜீவனை ஒருவனும் தம்மிடத்திலிருந்து பறிக்கவில்லை, தாமே அதைக் கொடுக்கிறதாகச் சொன்னார். வெறுத்துப்போய் உயிரை விடுகிறவன் ஒருவன், ஆற்றில் விழுந்த பிள்ளைக்காகக் குதிக்கிறவன் ஒருவன். இரண்டையும் ஒரே பேர் சொல்லிக் கூப்பிட முடியாது. மரத்தில் தொங்கினவர் தமக்கு ஒரு பேர் உண்டாக்கிக்கொள்ளத் தொங்கவில்லை. கலாத்தியர் 3:13-ன்படி நம்மேல் இருந்த சாபத்தைத் தம்மேல் வாங்கிக்கொண்டு தொங்கினார். அந்த மனுஷன் எண்ணின மரங்களிலே மற்றவையெல்லாம் உயிரை வாங்கின மரங்கள். இந்த ஒரு மரத்தில்தான் ஒருவர் உயிரைக் கொடுத்தார். அவர் அதைக் கவனிக்காமல் மற்ற மரங்களோடு ஒரே கட்டாய்க் கட்டிவிட்டார்.

ஏன் கட்டினார்? இதுதான் எனக்கு இரவிலே தூக்கம் கெடுக்கிற கேள்வி. ஏனென்றால் இந்தப் பிரையன் வார்னர் எங்கிருந்தோ வந்தவர் அல்ல. பத்தாம் வகுப்புவரை கிறிஸ்தவப் பள்ளியில் படித்தவர். தினமும் வேதபாடம். வருகையைக் குறித்தும், அந்திக்கிறிஸ்துவைக் குறித்தும், மிருகத்தின் முத்திரையைக் குறித்தும் அங்கே கேட்டுக் கேட்டு, சிறுபிள்ளையாய் இருந்தபோது இரவில் பயங்கரமான கனவுகள் கண்டதாகத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். உலகம் முடிந்துவிடும் என்று எதிர்பார்த்துக்கொண்டே இருந்தாராம், முடியவில்லை. பிறகு என்ன ஆகும்? சொன்னவர்கள்மேல் இருந்த நம்பிக்கை முடிந்துபோகும். இன்னொன்றும் நடந்தது. எந்தெந்த ராக் இசைத்தட்டுகளைக் கேட்கக்கூடாது என்று பள்ளியிலே போட்டுக் காட்டினார்களாம். கேட்கக்கூடாது என்று போட்டுக் காட்டினதையே அந்தப் பையன் விரும்பிக் கேட்க ஆரம்பித்தான்.

ஞாயிறு பள்ளி ஆசிரியர்களே, கவனியுங்கள். ஆண்டவருடைய வருகை நமக்குப் பாக்கியமான நம்பிக்கை என்று தீத்து 2:13 சொல்லுகிறது. அந்த நம்பிக்கையை ஒரு எட்டு வயதுப் பிள்ளைக்கு நாம் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம்? "நீ விடப்பட்டுப்போவாய்" என்ற பகுதியை மட்டும் சொல்லி, "நான் உன்னைச் சேர்த்துக்கொள்ளுவேன்" என்று யோவான் 14-ல் அவர் கொடுத்த வாக்குத்தத்தத்தை விட்டுவிடுகிறோமா? பள்ளிவிட்டு வந்து வீட்டில் அம்மாவைக் காணோமென்றால், வருகை நடந்துவிட்டதோ என்று அழுகிற பிள்ளைகள் விசுவாசிகள் வீட்டில் உண்டு. அது பரிசுத்த பயமா, வெறும் பீதியா? பீதி நாளடைவில் வெறுப்பாய் மாறும்.

இசைத்தட்டுகளைக் கொளுத்துவோம் என்று புறப்படுகிறவர்கள் அப்போஸ்தலர் 19:19-ஐக் காட்டுவார்கள். நல்லது. ஆனால் எபேசுவிலே புத்தகங்களைக் கொளுத்தினவர்கள் யார்? அவற்றை வைத்திருந்தவர்களே தங்கள் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்து கொளுத்தினார்கள், அதுவும் ஆண்டவரை ஏற்றுக்கொண்ட பிறகு. பவுல் வீடு வீடாய்ப் போய்ப் பறிமுதல் செய்யவில்லை. மகனுடைய அலமாரியை உடைத்து எடுத்துக் கொளுத்துகிற தகப்பனுக்கு அந்த வசனம் ஆதரவு இல்லை.

2001 ஜூன் மாதம் இந்தக் குழு கொலம்பைனுக்குப் பக்கத்திலுள்ள டென்வர் பட்டணத்தில் பாட வந்தது. அங்கேயுள்ள கிறிஸ்தவர்களும் பிள்ளைகளை இழந்தவர்களில் சிலரும் வரக்கூடாது என்றார்கள். பிள்ளையை இழந்தவர்களின் வேதனையை யார் குறைசொல்ல முடியும்? அதற்கு அவர் என்ன சொன்னார் தெரியுமா? என் பாட்டோடுகூட உங்கள் வேதத்திலிருந்தும் வாசிக்கிறேன், அதிலுள்ள கொலையையும் கேட்டுக்கொள்ளுங்கள் என்கிற விதமாய்ப் பரியாசமாகச் சொன்னார். வந்து வாசிக்கவும் செய்தார். பரியாசம்தான். இருந்தாலும் 137-ம் சங்கீதத்தின் கடைசி வசனம்போன்ற பகுதிகள் நம்முடைய வேதத்தில் இருக்கிறது உண்மைதானே? சிறையிருப்பில் குழந்தைகளைப் பறிகொடுத்த ஜனத்தின் அலறல் அது, பழிவாங்கும்படி நமக்குக் கொடுத்த கட்டளை அல்ல என்று நாம் நம்முடைய வாலிபருக்கு எப்போது விளக்கினோம்? நம்மிடத்தில் முதலாவது கேட்காமல் அப்படிப்பட்ட மேடையில் முதலாவது கேட்டால், நாம் எதையோ ஒளித்துவைத்தோம் என்றுதான் நினைப்பார்கள்.

அந்த ஆல்பத்தில் "நோபடீஸ்" என்று ஒரு பாட்டு இருக்கிறது. ஒன்றுமில்லாதவர்கள், யாருமாக எண்ணப்படாதவர்கள் என்று அர்த்தம். கொலம்பைன் பையன்களை நினைத்தே அது எழுதப்பட்டது என்கிறார்கள். செத்தாலாவது நம்மைத் திரும்பிப் பார்ப்பார்களா என்று நினைக்கிற பிள்ளைகளின் வியாதியை அதில் சரியாய்ச் சொல்லியிருக்கிறார். வியாதி சரி. மருந்து எங்கே? ஆல்பம் முழுவதும் தேடினாலும் இல்லை. கதையின் முடிவில் அந்தப் பையனுக்குக் கடைசியில் மிஞ்சுவது விரக்திதான்.

1 கொரிந்தியர் 1:28-ஐ எடுத்து நீங்களே சத்தமாய் வாசித்துப் பாருங்கள். உலகம் அற்பமாய் எண்ணினதையும், இல்லாததாய் எண்ணினதையும் தேவன் என்ன செய்தார்? தெரிந்துகொண்டார்! அல்லேலூயா! ஒன்றுமில்லாதவன் முக்கியமானவன் ஆவதற்கு ஒருவனையும் சுடவேண்டாம், தானும் சாகவேண்டாம். அவனுக்காக ஒருவர் ஏற்கெனவே மரித்திருக்கிறார். இந்த வார்த்தையை அந்த இரண்டு பையன்களுக்கு அன்போடு உட்கார்ந்து சொல்ல ஆள் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இந்த வார்த்தை கான்டனில் அந்தப் பள்ளிப் பையனுடைய காதில் விழுந்திருக்கும், ஆனால் மிருகத்தின் முத்திரைச் சத்தத்தில் அது கேட்காமல் போயிருக்கும்.

ஒருவேளை நான் இந்த மனுஷனைப் புகழ்கிறேன் என்று நினைப்பீர்களோ? இல்லை. பிரபலங்களை வணங்குகிற கூட்டத்தைச் சாடினவர், அதே வணக்கத்தில் பிழைத்தார். 2021-ல் பல பெண்கள் அவரால் தங்களுக்குக் கொடுமை நேர்ந்ததாகப் பகிரங்கமாய்க் குற்றம்சாட்டினார்கள். அவர் மறுத்தார். காலவரம்பு கடந்துவிட்டது, போதிய நிரூபணமும் இல்லை என்று சொல்லி, 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் அரசு வழக்கறிஞர் அலுவலகம் வழக்குப் போடவில்லை. நியாயம் தீர்க்கிறவர் ஒருவர் உண்டு, அதற்குமேல் நான் பேசவில்லை. அந்தப் பெண்களுக்காக ஜெபியுங்கள். பிரையன் வார்னர் என்ற பேரைச் சொல்லி அவருக்காகவும் ஜெபியுங்கள்.

2002-ல் வந்த ஒரு ஆவணப்படத்தில் மைக்கேல் மூர் அவரிடம் ஒரு கேள்வி கேட்டார். கொலம்பைன் பிள்ளைகளிடம் பேச வாய்ப்புக் கிடைத்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று. தான் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கமாட்டேன், அவர்கள் சொல்லுகிறதைக் கேட்டிருப்பேன், அதைத்தானே யாரும் செய்யவில்லை என்றார். நீதிமொழிகள் 18:13 இதைத்தான் சொல்லுகிறது. காரியத்தைக் கேட்கும் முன்னே உத்தரவு சொல்லுகிறவனைக் குறித்து சாலொமோன் என்ன எழுதினார் என்று பாருங்கள். நமக்கு வெட்கமாயிருக்கிறதா இல்லையா?

இந்த மாதம் மூன்றாம் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் மத்தியானம் இரண்டு மணி முதல் வாலிபர் பேசுவதற்கென்று நேரம் ஒதுக்கியிருக்கிறது. பாட்டு, சினிமா, வருகை, பயம், வேதத்தில் புரியாத பகுதி எதைக் குறித்தும் கேட்கலாம். மூப்பர்களும் பெற்றோரும் தவறாமல் வாருங்கள், ஆனால் அந்த நேரத்தில் ஒருவரும் எழுந்து பதில் சொல்லவேண்டாம். கேட்டுக்கொண்டிருங்கள்.